இருபதாயிரம் குஞ்சுகள்

தாமல் ஏரியில் நான் மீன் வாச்சர். பெயர் தேவசகாயம். வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் முடிந்தும் டெம்ப்ரவரிதான். என் அப்பனும் அவனுக்கு அப்பனும் அடுத்தவன் நிலத்தில் சேறு மிதித்தே செத்தவர்கள். சர்க்கார் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான். அந்த வேலை பர்மனென்ட் ஆக வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். இப்படிப் பயந்து கிடக்கிறவன் ஊரில் யாரை நம்புவான்? நான் ஒருத்தரையும் நம்பவில்லை.

அறுபத்தெட்டில் மழை ஏமாற்றிவிட்டது. அவ்வளவு பெரிய ஏரி, நடுவில் ஆடு மேய்ந்தது. மீன் விதைக்குக்கூட இல்லாமல் அற்றுப்போயிற்று. அடுத்த வருஷம் ஆடி மாதம் காஞ்சிபுரம் மீன்துறை ஆபீஸ் வேனில் டின் டின்னாகக் குஞ்சு வந்து இறங்கியது. கட்லா, ரோகு, மிருகால். கல்கத்தாப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்த ஜாதியாம். ஏரிக்கரைக்குக் கீழே மதகுப் பக்கமாக ஒரு சின்னக் குளம் வெட்டி, கிணற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். நெல்லுக்கு நாற்றங்கால் இருக்கிற மாதிரி இது மீனுக்கு. நாற்றங்கால் குளம் என்றே பெயர். இதில் மூன்று மாதம் வளர்த்து, விரல் நீளம் ஆனதும், ஐப்பசி மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்தபிறகு அதில் விட வேண்டும். மறுபடி ஏரியில் மீன் பெருக வேண்டுமானால் அந்தக் குஞ்சுகள் பிழைத்தாக வேண்டும். நான் பிழைக்கவும் அதேதான் வழி.

இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. குஞ்சுகளைக் குளத்தில் ஊற்றி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்தாய்யா, இருபதாயிரம் விட்டிருக்கேன். எல்லாம் பிழைக்காது, எனக்குத் தெரியும். ஐப்பசியில வலை போட்டுப் பார்ப்பேன். பாதி இருந்தா உன் பேரை பர்மனென்ட்டுக்கு எழுதறேன். இல்லேன்னா அடுத்த மாசம் இங்க வேற ஆள் நிப்பான்."

நான் குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டேன். வழிக்கு ஒரு படல் கட்டினேன். ஆபீசில் கொடுத்த போர்டை நட்டேன்: 'இக்குளத்தில் மீன் பிடிப்பது குற்றம்.' தினமும் காலையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து வீசுவேன். வீசின இடத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி குஞ்சுகள் மொய்க்கும். பார்க்கப் பார்க்க வயிறு குளிரும். பிறகு ஏரிக்கரைமேல் நடந்து மற்ற மதகுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வர இரண்டு மணி நேரம் ஆகும். கரை அவ்வளவு நீளம்.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். தவிடு வீசினேன். மொய்ப்பு குறைந்திருந்தது. மழை மப்பாக இருந்ததால் இருக்கும் என்று விட்டேன். மறுநாள் நல்ல வெயில். அன்றைக்கும் அப்படித்தான். வீசின தவிடு அப்படியே மிதந்தது. எனக்குப் பகீர் என்றது.

முதல் சந்தேகம் கோதண்டபாணி மேலேயே. அவர் குஞ்சுகளை எண்ணினது ஒரு டீ கிளாசால். ஒரு கிளாசுக்கு இத்தனை, மொத்தம் இத்தனை கிளாஸ் என்று கணக்கு. கிளாசை நிறைய மொண்டாரா, அரையாக மொண்டாரா, யார் கண்டது? மிச்சத்தை வேறே ஊர்க் குளத்துக்குக் கொடுத்துவிட்டு என் தலையில் கட்டுகிறாரோ? அவரிடம் போய் இதைக் கேட்க முடியுமா? மனசுக்குள்ளேயே வைத்துக் குமைந்தேன்.

அடுத்து நீர்க்காகம். குளத்துக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பனையோலை தொங்கவிட்டேன். ஒரு பறவை அண்டவில்லை. குஞ்சுகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன.

அடுத்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் பெண்டாட்டி மரியம்மாள். ஒருநாள் மத்தியானம் வீட்டுக்குள் நுழையும்போதே மீன் வாசனை. நேராக அடுப்பண்டை போய்ச் சட்டியைத் திறந்து கரண்டியால் துழாவினேன்.

"இன்னாய்யா தேடுற?" என்றாள்.

"இன்னா கொழம்பு இது?"

"கருவாடு. கண்ணு தெரியலியா?"

"எங்கேர்ந்து வந்திச்சி?"

அவளுக்குப் புரிந்துபோயிற்று. கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கினாள். "ஊசியாட்டம் இருக்குற குஞ்சைப் புடிச்சி கொழம்பு வெக்க எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது? மூணு வருசமா குளம் குளம்னு வூட்டையே மறந்துட்டே. இப்போ கட்டின பொண்டாட்டி திருடியா? போய் அந்தக் குளத்துலியே சோறு துன்னு!" அன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்கவில்லை. ஆனால் அவள்மேல் இருந்த சந்தேகம் சாயந்தரம் வரைக்கும் முழுசாகப் போகவில்லை. அவ்வளவு கெட்ட புத்தி எனக்கு.

சந்தேகமே படாத ஆள் ஒருத்தர் உண்டு. எங்கள் ஊர் ஜீவந்தர நயினார் வீட்டு அம்மா, தயாவதி. ஜைனர்கள். முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டில் சொல்ல மாட்டார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். வடிகட்டின துணியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழு ஒட்டியிருக்குமாம். அது சாகக் கூடாது என்று, எந்த நீரில் மொண்டார்களோ அந்த நீரிலேயே அந்தத் துணியை அலசி விடுவார்கள். நான் கரையைச் சுற்றிவிட்டு வரும்போது இரண்டு தடவை அந்த அம்மா படலைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தார். இடுப்பில் செப்புக் குடம், குடத்தின் வாயில் வெள்ளைத் துணி. தண்ணீர் மொண்டு, துணியை அலசி விட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நானே படலைப் பிடித்துக்கொண்டு வழி விட்டேன்.

"நல்ல போர்டுப்பா இது," என்றார் அந்த அம்மா. "இந்த மாதிரி ஊருக்கு ஒரு குளம் இருந்தா எவ்ளோ புண்ணியம்! குஞ்செல்லாம் சௌக்கியமா இருக்குதா?"

"உங்க ஆசீர்வாதம்மா," என்றேன்.

நாலாவது ஆள்தான் சின்னப்பையன். பெயர்தான் பையன், என் வயசுக்காரன். ஏரியில் லைசென்ஸ் வாங்கி மீன் பிடிக்கிறவன். ஏரி காய்ந்ததிலிருந்து கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். புரட்டாசியில் ஒருநாள் பார்க்கிறேன், வேலிக்கு வெளியே கரைச் சரிவில் குந்திக்கொண்டு குளத்தையே பார்த்தபடி இருக்கிறான். தோளில் வீச்சு வலை. மறுநாளும் அதே இடம். மீன் பிடிக்கிறவன் தண்ணீரைச் சும்மா பார்ப்பானா? எனக்குக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

"இன்னாடா நோட்டம்?"

அவன் எழுந்திருக்கவில்லை. "வாச்சரே, உள்ள விரால் இருக்குது. மூச்சு உட மேல வருது. ரெண்டு மூணு தபா பார்த்துட்டேன்."

"எங்கே, காட்டு."

"இப்பதான் முழுகிச்சி. செத்த பொறு, திரும்ப வரும்."

நான் பார்த்தேன். காற்றில் தண்ணீர் சிலிர்த்தது, அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறிவிட்டது. குஞ்சு விடும் முன்னால் அந்தக் குளத்தைக் காயப்போட்டு, சேற்றைக் கிளறி, சுண்ணாம்பு போட்டவன் நான். தண்ணீர் வரும் குழாய்க்குச் சல்லடை கட்டியவன் நான். கொசு நுழைய வழியில்லாத இடத்தில் விரால் வருமா?

"விரால் வானத்துலேர்ந்து குதிச்சிதாடா?"

"எப்டி வந்திச்சின்னு சொன்னா நீ நம்ப மாட்டே. என்னை ஒரே ஒரு தபா வலை வீச உடு. எடுத்துக் காட்றேன். விரால் உள்ள இருந்தா ஒரு குஞ்சு மிஞ்சாது, தெரிஞ்சிக்கோ."

"ஆங், அப்படி வா வழிக்கு!" என்று கத்தினேன். "வலை வீசத்தானே இத்தினி நாளா காத்துக்கினு இருந்தே? நாய் வாலை ஆட்டினா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவன் தோளிலிருந்த வலையைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். வலை என் கைக்கு வந்துவிட்டது. அவன் சரிவில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தான், திருப்பி அடிக்கவில்லை. அந்த ஏரியில் மீன் வந்தால்தான் அவனுக்கும் பிழைப்பு, அவன் ஏன் அதன் விதையைத் திருடுவான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறிப் பெரிய காஞ்சிபுரம் போய் வலையை ஆபீசில் ஒப்படைத்தேன். ரிப்போர்ட்டில், 'வேலிக்கு உள்ளே வலையுடன் பிடிபட்டான்' என்று எழுதினேன். வெளியே என்று எழுதினால் கேஸ் நிற்காதே.

ஐப்பசி வந்தது. நல்ல மழை. கோதண்டபாணி நாலு ஆட்களுடன் வந்து இறங்கினார். குளத்தை அரிக்கப் போகிறார்கள் என்று பாதி ஊர் கரையில் கூடிவிட்டது. பெண்களும் வந்திருந்தார்கள். சின்னப்பையன் ஓரமாக நின்றான்.

இழுவலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தார்கள். கரையை நெருங்கும்போதே வலைக்குள் தடால் தடால் என்று அடித்தது. விரல் நீளக் குஞ்சு அப்படி அடிக்காது. தூக்கிப் பார்த்தால், முழங்கை நீளத்துக்கு ஒன்பது விரால். ஒவ்வொன்றும் தின்று கொழுத்துக் கன்னங்கரேல் என்று இருந்தது. அவற்றுக்கு நடுவில் குஞ்சுகள். மறுபடி இரண்டு தடவை அரித்தும் எல்லாம் சேர்த்து நானூறு தேறவில்லை.

கோதண்டபாணி என் பக்கம் திரும்பினார். "யோவ், என்னய்யா இது?"

"தெரியல சார்."

"தெரியலையா? சர்க்கார் குஞ்சைத் தீனியாப் போட்டு விரால் வளர்த்திருக்கே. கிலோ என்ன விலை போகுதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வித்தே? யார்கிட்ட வித்தே?"

"சார், சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதே. குளம் உன் காவல்ல இருந்துச்சு. வேற யாரு விடுவா?"

என்ன சொன்னாலும் பொய்யாகத்தான் தெரியும் என்று எனக்கே தெரிந்தது. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தயாவதி அம்மா முன்னால் வந்தார்.

"ஐயா, அதை ஏன் புடிக்கிறீங்க? போர்டு போட்டிருக்குதே, புடிக்கக் கூடாதுன்னு! அது நான் விட்ட ஜீவனுங்க!"

வலையைப் பிடித்திருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க விட்டதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா. ஆடியிலேர்ந்து சதுர்த்தசிக்குச் சதுர்த்தசி ரெண்டு ஜீவனை விடறதுன்னு விரதம் எடுத்துக்கினு இருக்கேன். கங்கையம்மாள்னு ஒருத்தி எங்க தெரு வழியா மீன் கூடை எடுத்துக்கினு போவா. கூடையில இருக்குறதெல்லாம் செத்தது. கூட எடுத்துக்கினு வர்ற பானையில இது மட்டும்தான் உசுரோட இருக்கும். அதனால இதை வாங்கி விட்டேன். வேற குட்டையில விட்டா மறுநாளே புடிச்சிடறாங்க. இங்க வேலி இருக்குது, காவல் இருக்குது. சர்க்கார்லயே ஜீவகாருண்யம் பண்றாங்கன்னு சந்தோசப்பட்டேன். மொத்தம் பத்து விட்டேன்."

விரால் வெளிக் காற்றை மூச்சு வாங்கும். பானையில் துளித் தண்ணீரில் இரண்டு நாள் கிடக்கும். உயிரோடு ஒரு மீனை விலைக்கு வாங்கி விட நினைக்கிற எவருக்கும் விரால்தான் கையில் அகப்படும். மீன் வாடையே அண்டாத வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு எது எதைத் தின்னும் என்று எப்படித் தெரியும்? அவருக்கு எல்லாம் ஒரு ஜீவன்.

கோதண்டபாணி சிரித்தார். "ஏம்மா, காசு குடுத்து மீன் வாங்கித் திரும்பத் தண்ணியில விடுவாங்களா? யாருக்கும்மா கதை சொல்றீங்க? இந்த ஆளு உங்க வீட்டுப் பண்ணையாள் வம்சமா? காப்பாத்தப் பாக்கறீங்களா?" பிறகு வலையைப் பார்த்தார். "பத்துன்னீங்களே, இங்க ஒன்பதுதானே இருக்கு? மிச்சம் ஒண்ணு எங்க?" அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

"நான் பொய் சொல்றதில்லைங்க," என்றார் அந்த அம்மா.

"நீங்க விட்டதை வேற யாராவது பார்த்தாங்களா?"

"நான் பார்த்தேன் சார்."

சின்னப்பையன்தான். இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தான். இவன் இப்போது எல்லாவற்றையும் சொல்லப் போகிறான். விரால் இருக்கிறது என்று சொன்னேன், வாச்சர் கேட்கவில்லை, வலையைப் பிடுங்கினான், பொய் ரிப்போர்ட் எழுதினான். அத்தனையும் நிஜம். பழிவாங்க இதைவிட நல்ல நேரம் எவனுக்குக் கிடைக்கும்? நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

"நீ யாரு?"

"சின்னப்பையன் சார். இந்த ஏரியில மீன் புடிக்கிறவன்."

"உன் வலைதானே ஆபீஸ்ல கிடக்கு? வேலிக்குள்ள நுழைஞ்சு பிடிபட்டவன்தானே நீ?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஆமா சார். உள்ள வந்தேன். உள்ள வந்ததாலதான் பார்த்தேன். அந்தம்மா குடத்துலேர்ந்து ரெண்டு விராலைத் தண்ணியில உட்டாங்க. வாச்சர் அப்போ அந்தாண்ட மதகுக்குப் போயிருந்தாரு."

"வாச்சர்கிட்ட சொன்னியா?"

"சொல்லல சார்."

"ஏன்?"

"திருட வந்தவன் எப்டி சார் போய்ச் சொல்றது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோதண்டபாணி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னைத் திருடன் என்று தானே சொல்லிக்கொள்கிறவன் எதற்குப் பொய் சொல்லப் போகிறான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் சொன்னதை எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டார். குஞ்சு அழிந்தது வெளி ஆள் கையால், வாச்சர்மேல் குற்றம் இல்லை என்று அதன் அடியில் எழுதினார். "பொழச்சே போ. பாதி இல்லேன்னாலும் தப்பு உன்மேல இல்லே. பர்மனென்ட்டுக்கு எழுதறேன். அடுத்த வருஷம் ஒழுங்காப் பாரு," என்றார்.

தயாவதி அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, குஞ்சு அழிஞ்சதுன்னு எழுதறீங்களே, எப்படி அழிஞ்சிது?"

நான்தான் சொன்னேன். "அந்த விரால் தின்னுடுச்சிம்மா."

"எத்தனை?"

"இருபதாயிரம் விட்டாங்க."

அந்த அம்மா குளத்தைப் பார்த்தார். பிறகு கரையில் வாய் பிளந்து கிடந்த விராலைப் பார்த்தார். "இதுங்களைப் பெரிய ஏரியில விட்டா?"

"அங்கேயும் அதான் தின்னும். அதுக்கு அதான் சாப்பாடு."

"நான் விடாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. விராலை விட்டுவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். எட்டு நாள் ஒன்றும் சாப்பிடாமல், காய்ச்சின தண்ணீர் அரை டம்ளர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு அந்த அம்மாமேல் கோபம் வரவேயில்லை, பாவமாக இருந்தது.

வேன் போனபிறகு சின்னப்பையன் கரைமேல் போய்க்கொண்டிருந்தான். பின்னாலேயே ஓடினேன். நன்றி சொல்லத்தான் ஓடினேன். ஆனால் வாயைத் திறந்ததும் என் புத்திதான் முந்திக்கொண்டது.

"உனக்கு இன்னாடா வேணும்? எதுக்காக என்னைக் காப்பாத்தினே?"

அவன் நின்றான். "உன்னையா? உன்னை யார் காப்பாத்தினது? நீ பூட்டேன்னா வேற ஒருத்தன் வாச்சரா வருவான். அவனும் என்னைப் பார்த்ததும் திருடன்னுதான் ஆரம்பிப்பான். நான் திருடன் இல்லேன்னு தெரிஞ்ச வாச்சர் இந்த ஏரியிலயே நீ ஒருத்தன்தான். உன்னை எப்டி உடறது?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் வீட்டுக்கு நடந்தேன். மரியம்மாளிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். "வேலை போனா போவுது, போய்ச் சொல்லிட்டு வா," என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனேன். கோதண்டபாணி மேஜையில் எனக்கான பர்மனென்ட் தாள் தயாராக இருந்தது. கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்திருந்தார்.

"சார், சின்னப்பையன் வேலிக்கு உள்ள வரல. வெளியதான் இருந்தான். நான் எழுதினது பொய். விரால் இருக்குதுன்னு என்கிட்ட சொன்னான், நான்தான் கேக்கல. அவன் வலையைக் குடுத்துடுங்க," என்றேன். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது.

அவர் பேனாவை மூடினார். தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். நாற்காலியில் சாய்ந்து, நான் மூன்று வருஷம் எல்லாரையும் பார்த்த அதே பார்வையில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் உனக்கு என்னய்யா குடுத்தான்?" என்று கேட்டார்.